செவ்வாய்ப்பேட்டை ஹோட்டல் கட்டடத்தின் மச்சைப் பிரித்தபோது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தாத்தா ஹோட்டல் நடத்திய கட்டடத்தின் மச்சு, போன ஐப்பசி மழையில் மூன்று இடங்களில் ஒழுகியது. ஹோட்டலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதன்பின் முன்கட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கும், பின்கட்டை ஜவுளி மூட்டை அடுக்குபவர்களுக்கும் வாடகைக்கு விட்டுவந்தோம். ஆனாலும் கடைவீதியில் வழி கேட்டால் இன்றும் ‘கிளப்புக் கட்டடம்’ என்றுதான் கைகாட்டுகிறார்கள். ஹோட்டலைக் குறித்த காபி கிளப் என்ற சொல் பேச்சிலிருந்து போய் இரண்டு தலைமுறை ஆகியும் இந்தக் கட்டடத்தை விட்டுப் போகவில்லை. ஒழுகலைப் பார்த்த சித்தப்பா, இடித்துவிட்டு மூன்று மாடி எழுப்பிவிடலாம் என்றார். சுவர்கள் இரண்டடிக் கனத்தில் தூக்குக்குண்டுக்குப் பிசகாமல் நிற்கும்போது, மச்சு ஒழுகுகிறது என்பதற்காகக் கட்டடத்தையே இடிப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் கட்டடத் தொழில் தெரிந்தவன் அல்லன்; கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவன். தை பிறந்ததும் தொடங்கிப் புரட்டாசி வரை நடந்த இந்த வேலையை, இதேபோன்ற பழைய கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்கு உதவக்கூடும் என்று எழுதிவைக்கிறேன்.

கட்டடம் எந்த ஆண்டில் எழுந்தது என்பதற்கு எங்களிடம் தாள் ஏதும் இல்லை. கிரயப் பத்திரத்தில் ‘வீடும் அதைச் சேர்ந்த காலியிடமும்’ என்று இருக்கிறதே தவிர, வீட்டின் வயதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வவுச்சர் இல்லாத செலவை வேறு தடயங்களைக் கொண்டு சரிபார்ப்பது என் தொழிலில் வழக்கம் என்பதால், பழுது பார்க்கும்போது கையில் அகப்பட்டதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். இந்தப் பதிவில் பாதி அந்த நோட்டிலிருந்து வந்தது.

மச்சு, மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் வகை. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரம். அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். கட்டைகளின் மேல் ஓர் அங்குலக் கனமே உள்ள சிறிய செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் வரிசை வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிச் சென்றிருப்பார்கள். கீழே பலகை முட்டு எதுவும் கொடுக்காமல், ஒட்டிய வரிசையே அடுத்த வரிசையைத் தாங்கும்படி கட்டும் வேலை இது. அதன்மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டித் தட்டி இறுக்கி, கடைசியாக மேலே தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பாவியிருப்பார்கள். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் இந்த அடுக்குகள் எல்லாம் சுண்ணாம்பால் ஆனவை என்பதால் ஒன்றோடொன்று இணங்கி அசையும். உள்ளே இறங்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் மேல்வழியாகவே ஆவியாகிவிடும்.

எங்கள் மச்சு கெட்டதற்குக் காரணம் வயது அல்ல, நாங்கள்தான். 1980-களில் இதேபோல் ஒரு மூலையில் ஒழுகியபோது, அப்பா தட்டோட்டின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார். அந்த நாளில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மேலே இருக்கும் சிமெண்டு ஒரு கணக்கில் நீள, கீழே இருக்கும் சுண்ணாம்பு வேறொரு கணக்கில் நீள, சில ஆண்டுகளில் தளம் மயிரிழை மயிரிழையாக வெடித்துவிட்டது. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேலே ஏற வழியின்றிச் சிமெண்டுக்கு அடியிலேயே தங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் கட்டை முனைகளைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டது.

சிமெண்டுத் தளத்தை எடுப்பதுதான் முதல் வேலை. வேலைக்கு வந்த மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேல், கொண்டலாம்பட்டிப் பக்கத்துக்காரர், சுண்ணாம்பு வேலையைத் தம் தந்தையிடம் கற்றவர். உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்று மின்சாரத்தில் ஓடும் உடைப்பு இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்தேன். அரை நாள் ஓடியதற்குள் அதிர்வு தாங்காமல் கீழ்ப்பக்கத்திலிருந்து பதினோரு செங்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்து, காலியாக இருந்த கூடத்தில் விழுந்தன. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை; உதிர்ந்தவற்றைப் பொறுக்கி, தூசு தட்டி, சுவரோரம் அடுக்கிவைத்துவிட்டு, “இதே கல்லைத் திரும்ப வெச்சுக்கலாமுங் தம்பி, இந்த அச்சு இப்போ எந்தச் சூளையிலயும் கிடைக்காதுங்” என்றார். மறுநாள் முதல் உளியும் சுத்தியலும்தான். ஆறு நாட்கள் ஆயின.

பிரித்துப் பார்த்தபோது இருபத்துமூன்று கட்டைகளில் நான்கின் முனைகள் மட்டும் சுவருக்குள் மக்கியிருந்தன; விரலால் அழுத்தினால் கசங்கும் அளவுக்கு. மீதமெல்லாம் இழைத்த இடத்தில் இன்னும் எண்ணெய் வாசம் அடிக்கும் தேக்கு. மக்கிய கட்டைகளை முழுதாக மாற்றாமல், கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட பகுதியை இரண்டடிக்குச் சாய்வாக அறுத்தெடுத்து, வீடு இடித்த இடத்தில் வாங்கிய பழைய தேக்கை அதே சாய்வில் பொருத்தி, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து நான்கு போல்ட் முடுக்கினோம். புது முனைகளைச் சுவரில் செருகும்போது சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விட்டோம். சாந்து வைத்து மூடினால் மறுபடியும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றோட்டம்தான் கட்டைக்கு மருந்து.

அடுத்தது சுண்ணாம்பு. இதில்தான் நான் இரண்டாவது தவறு செய்தேன். ஒரு காளவாயிலிருந்து வந்த சுட்ட கல்லை நீற்றி, நான்கு நாளிலேயே சாந்தாக அரைத்துப் பின்கட்டுச் சுவர் ஒன்றில் பூசச் சொன்னேன். பூச்சு கண்ணாடிபோல் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சுவர் முழுவதும் அம்மைக் கொப்புளம்போல் சிறு சிறு பள்ளங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெள்ளையாக ஒரு பொடிக்கல். சூளையில் அளவுக்கு மீறி வெந்துபோன கல் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும்; பூச்சுக்குள் போனபிறகு ஆற அமர நீறி, உப்பி, மேல்தோலைத் தள்ளிவிடும். கல்லில் மக்னீசியம் கலந்திருந்தாலும் இதே கதைதான். சேலத்துக்காரர்கள் இந்த இரண்டாவது விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஏற்காடு மலையடிவாரத்தில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் குன்றுகளைப் பார்த்து வெள்ளைக்காரர்களே ‘சாக் ஹில்ஸ்’ (சுண்ணக்கட்டிக் குன்றுகள்) என்று பெயர் வைத்து ஏமாந்தார்கள். அங்கே இருப்பது சாக்கும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல, உலைச் செங்கல்லுக்குப் போகும் மாக்னசைட். நம் ஊர் மொழியில் வெள்ளைக்கல். சாந்துக்கு அது ஆகாது. இரண்டாம் முறை, நீற்றிய சுண்ணாம்பைப் பாலாகக் கரைத்து மெல்லிய கம்பி வலையில் வடிகட்டி, தொட்டியில் தண்ணீர் வற்றாமல் மூன்று வாரம் ஊறவிட்டுத்தான் எடுத்தோம். கொப்புளம் வரவில்லை.

ஜல்லித் தளத்துக்குக் கடுக்காய்த் தண்ணீர் வேண்டும். 200 லிட்டர் டிரம்மில் 8 கிலோ கடுக்காயைக் கொட்டை நீக்கி இடித்துப் போட்டு, 8 கிலோ வெல்லமும் கரைத்துப் பன்னிரண்டு நாள் மூடிவைத்தோம். மூடியைத் திறந்த அன்று தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. கொலுசுப் பட்டறையில் இருந்தவர்கள் எதையோ காய்ச்சுகிறோம் என்று சந்தேகப்பட்டார்கள். தளத்தைக் கொட்டியபின் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தி, மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர, ஒருவர் பின்னால் இந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே வருவார். மூன்று நாள் இதே வேலை. முதல் நாள் கட்டை ‘தொப்’பென்று பதிந்தது. மூன்றாம் நாள் பிற்பகலில், பதியாமல் கையைத் துள்ளித் தூக்கிவிட்டது, ஓசையும் கெட்டிப்பட்டிருந்தது. அதுதான் நிறுத்தச் சொல்லும் அறிகுறி. தண்ணீர் வடிவதற்கான வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம் வைத்தோம். பழைய வாட்டம் அதைவிடக் குறைவாகவே இருந்தது. தட்டோட்டை இரண்டு அடுக்காக, இணைப்பு இணைப்பின்மேல் வராமல் பாவி முடித்தபோது வைகாசி பிறந்திருந்தது.

மழைக்கு முன் வாசல் தாழ்வாரத்து ஓடுகளையும் இறக்கிக் கழுவினோம். கட்டடத்தின் வயதைப் பற்றிய முதல் துப்பு இங்கேதான் அகப்பட்டது. முதலில் அது தவறான துப்பாகவே வந்தது. சில ஓடுகளின் முதுகில் 1865 என்று பொறித்திருப்பதைப் பார்த்த சித்தப்பா, கட்டடத்துக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் என்று அன்று மாலையே உறவினர்களுக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிவிட்டார். அது ஓடு செய்த ஆண்டு அன்று; பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அந்த எண்ணைப் பிற்காலத்து ஓடுகளிலும் விடாமல் பொறித்துவந்தார்கள். எங்கள் ஓடுகளில் பெரும்பாலானவற்றில் ‘காமன்வெல்த்’ என்ற பெயர் இருந்தது. முதல் உலகப் போரின்போது அந்த மிஷனின் தொழில்கள் கைமாறி, காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்திடம் போயின. ஆகவே இந்த ஓடுகள் அந்தக் கைமாற்றத்துக்குப் பின்னால்தான் சுடப்பட்டிருக்க முடியும். கோழிக்கோட்டுக்கு அருகே ஃபெரோக்கில் அவர்களுக்குத் தொழிற்சாலை இருந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன முதல் ரயில்பாதை 1862-இல் பேப்பூர் வரை எட்டியது. அது சேலம் வழியாகத்தான் போகிறது. அந்தக் கடற்கரை ஓடு சூரமங்கலம் ஸ்டேஷனில் இறங்கி மாட்டு வண்டியில் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்ததில் வியப்பில்லை.

தாழ்வாரத்தைப் பற்றி வீட்டில் ஒரு கதை உண்டு. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்திலேயே முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள்ளுக்கடைகள் மூடியதும் மாலைக் கூட்டமெல்லாம் காபிக்குத் திரும்பியது. இடம் போதாமல் தாத்தா அந்த ஆண்டே தாழ்வாரத்தை இழுத்துக் கட்டினார் என்பது கதை. ஓடு இதை மறுக்கவும் இல்லை, உறுதிப்படுத்தவும் இல்லை. தணிக்கைக்காரனாக நான் இதை ‘விளக்கம் பெறப்பட்டது’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

பின்கட்டில் காபிக் கொட்டை வறுத்த அறை, வேலை வாங்கிய அளவுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லாத அறை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த காபிச் செடியின் கொட்டை, இந்த அறையில் பல ஆண்டுகள் வறுபட்டு, சுவரில் எண்ணெயும் புகையும் கலந்த கறுப்புப் பிசினாகப் படிந்திருந்தது. அதன்மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் மூன்று முறை தேய்த்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குலம் தோண்டிய பிறகுதான் சாந்து பிடித்தது.

கூடத்துச் சுவர்தான் என்னை அதிக நாள் நிறுத்திவைத்தது. சந்துப் பக்கமாக இருக்கும் நீளச் சுவரில் நீலப் பொடிவண்ணம் உரிந்து தொங்கியது. அதைக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் சொல்லிவிட்டு அலுவலகம் போனேன். திரும்பி வந்தபோது சுவரின் மேற்பகுதியில் ஏதோ எழுத்துகள் பாதி அழிந்த நிலையில் தெரிந்தன. இது என் மூன்றாவது தவறு. அதன்பின் தூரிகையை ஒழித்துவிட்டு, சவர பிளேடை மரக்கைப்பிடியில் செருகி, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, ஒரு நாளைக்கு ஒரு சதுர அடி என்று நானே உரித்தேன். கீழே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று விலைப்பட்டியல்கள் இருந்தன.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அணாக் கணக்கு. ‘காப்பி 2 அணா’, ‘தோசை 3 அணா’ என்ற இரண்டு வரிகள் முழுதாகத் தெரிந்தன. ‘அணா’வில் உள்ள ணா, இன்றுபோல் கால் வாங்கி நிற்காமல், ண-வின் வாலே கீழே சுழித்து மடங்கிய பழைய வடிவில் இருந்தது. அதற்கு மேல் அடுக்கில் அதே இடத்தில் ‘காப்பி 12 ந.பை.’, ‘தோசை 19 ந.பை.’ இந்தப் பத்தொன்பதைக் கண்டதும் நான் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். நயா பைசா 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா, நூறு நயா பைசா என்பதால் மூன்று அணா 18.75 நயா பைசா. மாற்று அட்டவணையில் அதை 19 என்று முழுமையாக்கியிருந்தார்கள். புதிதாக விலை வைக்கும் எந்தக் கடைக்காரரும் தோசைக்குப் பத்தொன்பது பைசா என்று வைக்கமாட்டார். ஆகவே இந்தப் பட்டியல் நாணயம் மாறிய உடனே, விலையை ஏற்றாமல் அப்படியே பெயர்த்து எழுதியது. 1957-இலோ, அதை ஒட்டியோ. மேலே இருந்த மூன்றாவது பட்டியலில் ரூபாயும் பைசாவும். தலைப்பில் ‘விலை’ என்ற சொல்லின் லை, யானை துதிக்கையைத் தூக்கியதுபோல் முன்னால் சுழித்த பழைய லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பெயிண்டர்கள் பழைய லை-யைக் கைவிட மேலும் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்பதால் இதை நான் உறுதியாகப் பிடித்துக்கொள்ளவில்லை.

பட்டியலுக்கு வலப்புறம், தரையிலிருந்து நான்கடி உயரத்தில், இரண்டடிச் சதுரமாகப் பூச்சு வேறு நிறத்தில் தெரிந்தது. தட்டினால் ஓசையும் வேறாக இருந்தது. உரித்ததும், திறப்பு ஒன்றைச் செங்கல்லாலும் சிமெண்டாலும் அடைத்திருப்பது தெரிந்தது. சுவரின் மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பு. அடைப்பின் ஓரத்துச் செங்கற்கள் இரண்டை எடுத்துப் பார்த்தேன். அணாப் பட்டியலின் வெள்ளைப்பூச்சு, திறப்பின் உட்பக்கவாட்டிலும் மடங்கி ஓடியிருந்தது. அதாவது அணாக் காலத்தில் இது திறந்திருந்தது. நயா பைசாப் பட்டியலின் கடைசிக் கோடோ, அடைத்த செங்கல்லின் மேலேயே போகிறது. அதாவது அதை எழுதும்போது அடைத்தாகிவிட்டது.

விறகு வாங்கும் ஜன்னல் என்றார் சித்தப்பா. விறகுக்கான ஜன்னல் சமையற்கட்டில் அல்லவா இருக்க வேண்டும்? அடைப்பு முழுவதையும் எடுத்தபின் அடியில் ஒரு கருங்கல் பலகை வெளிப்பட்டது. அது சந்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தது. உள்ளே இருந்து ஊற்றுவது வெளியே நிற்பவரின் ஏனத்தில் விழும்படியான வாய்க்கால். அதன் அடிப்பகுதி மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

மேஸ்திரி அந்தக் கல்லைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்கப்பன் இந்தச் சந்துல நின்னுதானுங் காபி குடிச்சாரு. கொட்டாங்குச்சியை வீட்டுல இருந்து எடுத்துட்டு வரோணும்னு சொல்லுவாரு. எந்தக் கடைன்னு மட்டும் சொன்னதில்லீங்” என்றார்.

சென்னை மாகாணத்தில் பொது இடங்களில் சாதியின் பெயரால் இருந்த இந்தத் தடையை நீக்கும் சட்டம் 1938-இலேயே வந்தது. கடைகளிலும் ஹோட்டல்களிலும் அப்படி யாரையும் தடுக்கக்கூடாது என்று 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு சொன்னது. தீண்டாமையைத் தண்டிக்கும் சட்டம் 1955-இல் வந்தது. எங்கள் சுவரின் கணக்குப்படி இந்தத் திறப்பு அணாப் பட்டியலுக்குப் பின்னும் 1957-ஐ ஒட்டிய பட்டியலுக்கு முன்னும் அடைபட்டிருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அடைத்தார்களா, யாரேனும் கேட்டு அடைத்தார்களா என்பதைச் செங்கல் சொல்லாது. ஆனால் மதுவிலக்கையும் தாழ்வாரத்தையும் தேதியோடு சொன்ன வீட்டில், இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தாத்தாவின் தாராளத்தைப் பற்றி எத்தனையோ கேட்டு வளர்ந்தவன் நான். அந்தக் கல்லின் தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்த பிறகு அவற்றை முன்போல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடைத்துப் பூசிவிடலாம், வாடகைக்கு வருபவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சித்தப்பா இரண்டு முறை ஆள் அனுப்பினார். என்ன செய்யலாம் என்று நான் மேஸ்திரியைக் கேட்டேன். “அடைக்க வேண்டாமுங். பூசவும் வேண்டாமுங். கல்லைக் கழுவி அப்படியே உடுங்க” என்றார். மழைச்சாரல் உள்ளே வராமல் இருக்க, திறப்பின் உட்புறம் கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினோம். பட்டியல்களின் மேல் எந்த வார்னிஷும் அடிக்கவில்லை. சுண்ணாம்புக்கு மூச்சு வேண்டும். எழுத்து உதிராத அளவுக்கு ஓரங்களில் மட்டும் மெல்லிய சுண்ணாம்புப் பாலை ஊசிக்குழாயால் செலுத்தி ஒட்டினோம்.

ஆவணி கடைசியில் ஒரு ராத்திரி இடியோடு இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. டார்ச் விளக்கோடு கூடம் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். பழைய மூன்று இடங்களும் காய்ந்திருந்தன. வடமேற்கு மூலையில், மச்சும் கைப்பிடிச் சுவரும் சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் காத்திருந்தது. அந்த மூலையில் அப்பா காலத்துச் சிமெண்டு கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கிடந்ததை, சுவர் பெயர்ந்துவிடுமோ என்று அஞ்சி விட்டுவைத்திருந்தோம். மேஸ்திரிக்கு மறுநாள் காலை சொல்லி அனுப்பினேன். உளியைத் தீட்டிக்கொண்டு வந்தார். இப்போது அந்த நான்கடியைக் கொத்திக்கொண்டிருக்கிறோம். ஐப்பசிக்குள் முடித்து, மூலையைச் சுண்ணாம்பால் வளைவாகத் திருப்ப வேண்டும். தொட்டியில் இன்னும் இரண்டு கூடைச் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.